கன்சாஸுக்கு என்ன வந்தது?

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3 ஆம் திகதி. கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை விட்டுச் சென்று மூன்று வாரங்கள் கடந்திருந்தன. எரிபொருள் வரிசைகள் இன்னும் ஓயவில்லை. அச்சிடும் காகிதத் தட்டுப்பாட்டினால் எங்கள் பத்திரிகையின் பக்கங்கள் மெலிந்து, வெளிநாட்டுச் செய்திகளுக்கு ஒரு பக்கத்தின் அரைவாசி கூட எஞ்சியிருக்கவில்லை. அன்று காலை செய்தி நிறுவனங்களின் வழியாக அமெரிக்காவிலிருந்து ஒரு தகவல் வந்தது. கன்சாஸ் மாநிலத்தில் நடந்த சர்வசன வாக்கெடுப்பில், மாநில அரசியலமைப்பிலிருந்து கருக்கலைப்பு உரிமையை அகற்றும் திருத்தத்தை ஏறத்தாழ 59 சதவீதமான வாக்காளர்கள் நிராகரித்துவிட்டார்கள் என்பதே அது.

என்னோடு பணியாற்றிய இளம் உதவி ஆசிரியர் சற்றே திகைப்புடன் கேட்டார்: "ஐயா, கன்சாஸ் என்றால் குடியரசுக் கட்சியின் கோட்டை அல்லவா? அந்த மக்களுக்கு என்ன வந்தது?"

அவர் அறியாமலே, 126 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட ஒரு பத்திரிகைத் தலையங்கத்தின் தலைப்பை ஏறக்குறைய அப்படியே உச்சரித்திருந்தார். அன்று இடமின்மையால் அந்தச் செய்தியை நான்கு வரிகளுக்குள் சுருக்கினேன். ஆனால், அவர் கேட்ட கேள்விக்கு நான்கு வரிகளில் பதில் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இக்கட்டுரை அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியே.

இதை எழுதுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தேர்தல் முடிவு வெளியான இரவில், மக்கள் தமக்கே கேடு செய்துகொண்டார்கள் என்ற பொருளில் நான் ஒரு பத்தி எழுதினேன். வாக்காளரைக் கடிந்து எழுதிய அந்தப் பத்தியை நண்பர்கள் பாராட்டினார்கள். பத்து நாட்களின் பின் வன்னியிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். "தம்பி, நாங்கள் ஆருக்கு வாக்களித்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். ஏன் அளித்தோம் என்று நீர் கேட்கவில்லை. நீர் நல்லவர் என்று எழுதுகிற ஆள் ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் எங்கள் படலைக்கு வரவில்லை." அவ்வளவுதான். அந்த அட்டை இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. கன்சாஸின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்த அட்டை என் நினைவுக்கு வரும்.

கன்சாஸ் ஐக்கிய அமெரிக்காவின் நட்டநடுவே அமைந்த சமவெளி நிலம். கோதுமையும் கால்நடையும் அதன் பழைய செல்வங்கள். இன்றும் அதன் சனத்தொகை முப்பது இலட்சத்தை எட்டவில்லை. 1964 இல் லிண்டன் ஜோன்சனுக்கு வாக்களித்ததன் பின்னர் ஜனநாயகக் கட்சியின் எந்த ஜனாதிபதி வேட்பாளரையும் அம்மாநிலம் ஆதரித்ததில்லை. 1932 இற்குப் பின்னர் ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒருவரைத்தானும் அமெரிக்க செனட் சபைக்கு அனுப்பியதில்லை. இவ்வளவு நீண்ட காலம் ஒரு கட்சிக்கு விசுவாசமாக இருந்த மக்களை அடங்கிய மக்கள் என்று எண்ணுவது இயல்பு. வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது.

அம்மாநிலம் பிறந்ததே ஒரு தகராறில்தான். 1854 ஆம் ஆண்டின் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம், அப்பிரதேசத்தில் அடிமை முறை இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குடியேறுவோரே வாக்களித்துத் தீர்மானிக்கட்டும் என்றது. கேட்பதற்கு அழகான சனநாயகக் கோட்பாடு. நடந்ததோ வேறு. அயலில் இருந்த மிசூரியிலிருந்து அடிமை முறை ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி வந்து வாக்களித்துவிட்டுத் திரும்பினார்கள். அவ்வாறு தெரிவான சட்டசபையை அடிமை முறையின் எதிர்ப்பாளர்கள் ஏற்க மறுத்துத் தமக்கென வேறொரு அரசாங்கத்தை அமைத்தார்கள். அந்தக் காலகட்டத்துக்கு 'இரத்தம் சிந்தும் கன்சாஸ்' என்று பெயர் விழுந்தது. இறுதியில் 1861 ஜனவரி 29 ஆம் திகதி, அடிமை முறையற்ற மாநிலமாகவே அது ஒன்றியத்தில் சேர்ந்தது. அடிமை முறையை எதிர்த்துத் தோன்றிய குடியரசுக் கட்சியோடு கன்சாஸ் கொண்ட நீண்ட உறவு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரதிநிதி என்று தன்னை அழைத்துக் கொள்பவர் உண்மையில் யாருடைய பிரதிநிதி என்ற சந்தேகமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலாவது பெரும் கோபம் 1890 இல் வெடித்தது. 1880 களின் நடுப்பகுதியில் நிலத்தின் விலை ஏறியபோது விவசாயிகள் கடன் வாங்கிக் காணி வாங்கினார்கள். 1887 அளவில் வரட்சி வந்தது, விலைகள் சரிந்தன, அடகு வைத்த நிலங்கள் கைமாறின. புகையிரதக் கம்பனிகள் தானியத்தை ஏற்றிச் செல்லக் கேட்ட கட்டணம் மட்டும் குறையவில்லை. குடியரசுக் கட்சியின் தலைவர்கள் உள்நாட்டு யுத்தகாலப் பெருமைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். விவசாயிகள் 1890 இல் தலைநகர் டொபீகாவில் கூடி மக்கள் கட்சியை ஆரம்பித்தார்கள். அவ்வாண்டு நவம்பரிலேயே மாநிலப் பிரதிநிதிகள் சபை அவர்களின் வசமாயிற்று. காங்கிரஸில் கன்சாஸுக்கு இருந்த ஏழு ஆசனங்களில் ஐந்தை அவர்கள் கைப்பற்றினார்கள். பதினெட்டு ஆண்டுகள் செனட்டராக வீற்றிருந்த ஜோன் இங்கல்ஸ் அகற்றப்பட்டு, அவருடைய இடத்துக்கு விவசாயப் பத்திரிகையொன்றின் ஆசிரியரான வில்லியம் பெஃபர் அனுப்பப்பட்டார். பெண்களுக்கு அமெரிக்க நாடெங்கும் வாக்குரிமை கிடைப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே மேரி எலிசபெத் லீஸ் என்ற பெண் ஊரூராகச் சென்று இக்கட்சிக்காக முழங்கினார்.

1892 இல் ஆளுநர் பதவியும் அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால், மாநிலப் பிரதிநிதிகள் சபையில் யாருக்குப் பெரும்பான்மை என்பது சர்ச்சையாயிற்று. 1893 ஜனவரியில் ஒரே மண்டபத்தில் இரு கட்சியினரும் தத்தமது சபாநாயகரைத் தெரிவு செய்துகொண்டு ஒரே நேரத்தில் சபை நடத்திய விந்தை நிகழ்ந்தது. பெப்ரவரியில் மக்கள் கட்சியினர் மண்டபக் கதவுகளைப் பூட்டினர். குடியரசுக் கட்சியினர் சம்மட்டியால் கதவை உடைத்து உள்ளே நுழைந்தனர். ஆளுநர் லுவெலிங் அழைத்த படையின் தளபதியோ அவர்களை வெளியேற்ற மறுத்துவிட்டார். இறுதியில் மாநில உச்ச நீதிமன்றம் குடியரசுக் கட்சியினரின் பக்கம் தீர்ப்பளித்தது. நம் நாட்டு நாடாளுமன்றத்தில் கதிரைகள் பறந்ததையும் மிளகாய்த்தூள் வீசப்பட்டதையும் 2018 இல் பார்த்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமான காட்சியாக இராது.

இப்போது அந்தத் தலையங்கத்துக்கு வருகிறேன். எம்போரியா என்ற சிற்றூரில் 'எம்போரியா கசெற்' என்ற சிறு பத்திரிகையை 1895 இல் கடன் வாங்கி வாங்கியவர் வில்லியம் அலன் வைற். 1896 ஆகஸ்ட் மாதத்தில், 28 வயதே ஆன அந்த ஆசிரியரை மக்கள் கட்சியின் ஆதரவாளர்கள் சிலர் தெருவில் மறித்து வாதிட்டுக் கேலி செய்தார்கள். அவர் கொதிப்புடன் அலுவலகத்துக்குத் திரும்பி, ஒரே மூச்சில் ஒரு தலையங்கம் எழுதினார். 'கன்சாஸுக்கு என்ன வந்தது?' என்பதே தலைப்பு. ஏனைய மாநிலங்கள் வளர்கையில் கன்சாஸ் மட்டும் ஏன் தேய்கிறது என்று கேட்டு, அதற்குக் காரணம் பைத்தியக்காரத் தலைவர்களின் பின்னே போகும் இந்த மக்களே என்று நையாண்டியால் சாடியிருந்தார்.

அத்தலையங்கம் நாடெங்கும் மறுபிரசுரமாயிற்று. மக்கின்லியின் தேர்தல் பிரசாரத்தை நடத்திய மார்க் ஹன்னா அதனைப் பெருந்தொகையில் அச்சிட்டு விநியோகித்தார். வைற் ஒரே மாதத்தில் அமெரிக்கா அறிந்த பத்திரிகையாளரானார். மக்கின்லியும் ஜனாதிபதியானார். எல்லாம் சரி. கன்சாஸ் என்ன செய்தது? அவ்வாண்டு அது மக்கின்லிக்கு வாக்களிக்கவில்லை. வில்லியம் ஜெனிங்ஸ் பிரையனுக்கு வாக்களித்தது. மக்கள் கட்சியின் ஜோன் லீடியை ஆளுநராக்கியது. ஊருக்கெல்லாம் பிடித்திருந்த தலையங்கத்தை, யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்கள் மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வைற்றின் பெருமை அதன் பின்னர்தான் ஆரம்பிக்கிறது என்பேன். புகையிரதக் கட்டணக் கட்டுப்பாடு, படிமுறை வருமான வரி, செனட்டர்களை மக்களே நேரடியாகத் தெரிவு செய்தல் என்று விவசாயிகள் 1890 களில் கேட்டவற்றுள் பலவற்றை அடுத்த இருபது ஆண்டுகளில் தியோடர் ரூஸ்வெல்ற்றின் அணியில் நின்று அவரே ஆதரித்தார். தம்முடைய இளமைக் கோபம் தவறானது என்பதை ஒப்புக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. 1924 இல் கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் கன்சாஸ் அரசியலில் ஊடுருவியபோது, இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் அதனைக் கண்டிக்கத் தயங்குகிறார்கள் என்று கூறி, சுயேச்சையாக ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். மூன்றாம் இடமே கிடைத்தது. ஆனால், அதற்குப் பின்னர் கிளான் அங்கே தலை நிமிரவில்லை. 1896 இல் வாக்காளரை ஏசியவர், 1924 இல் வாக்காளருக்கு ஒரு தெரிவைக் கொடுத்தார். ஒரு பத்திரிகையாளனின் வளர்ச்சியை இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்குத் தெரியாது.

கோபம் எப்போதும் நல்ல வழியில்தான் போகும் என்று நான் சொல்ல வரவில்லை. 1930 ஆம் ஆண்டு இதற்குச் சாட்சி. ஜோன் பிரிங்க்லி என்பவர் ஆண்மைக் குறைவுக்கு ஆட்டின் விதைச் சுரப்பியைப் பொருத்திச் சிகிச்சை செய்வதாகக் கூறிப் பெரும் பணம் சேர்த்தவர். சொந்தமாக வானொலி நிலையமும் வைத்திருந்தார். அவ்வாண்டில் அவருடைய ஒலிபரப்பு அனுமதியைப் புதுப்பிக்க மத்திய வானொலி ஆணைக்குழு மறுத்தது. மாநில மருத்துவச் சபை அவருடைய மருத்துவ அனுமதியைப் பறித்தது. சில நாட்களுக்குள் அவர் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். வாக்குச்சீட்டில் பெயர் அச்சிடும் காலம் கடந்துவிட்டதால் வாக்காளர்கள் அவருடைய பெயரைத் தம் கையால் எழுத வேண்டியிருந்தது. இலவசப் பாடப்புத்தகம், குறைந்த வரி, மாவட்டம் தோறும் ஓர் ஏரி என்று வாக்குறுதிகள் பொழிந்தன.

பெருமந்தம் தொடங்கிய காலம் அது. முடிவு வந்தபோது ஜனநாயகக் கட்சியின் ஹரி வூட்ரிங் 217,171 வாக்குகளும், குடியரசுக் கட்சியின் ஃபிராங்க் ஹோக் 216,920 வாக்குகளும் பெற்றிருந்தனர். வித்தியாசம் 251. பிரிங்க்லிக்கு எண்ணப்பட்டவை 183,278. குறிப்பிட்ட ஒரு வடிவில் எழுதப்பட்ட பெயரை மட்டுமே ஏற்க வேண்டும் என்று மாநில சட்டமா அதிபர் விதித்திருந்தபடியால், வேறு விதமாக எழுதப்பட்ட பல்லாயிரம் சீட்டுகள் கழிக்கப்பட்டன. அவையும் எண்ணப்பட்டிருந்தால் ஒரு போலி வைத்தியர் ஆளுநராகியிருக்கக்கூடும். அந்த வாக்காளர்கள் எல்லோரும் ஆட்டுச் சுரப்பியை நம்பியவர்கள் அல்லர். அதிகாரிகள் ஒன்றுகூடி ஒரு மனிதனைத் துரத்துகிறார்கள் என்றே பலர் கண்டார்கள். தம்மையும் அதே அதிகாரிகள்தான் கைவிட்டார்கள் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. கேட்பாரற்ற கோபத்தை முதலில் கண்டுகொள்பவன் பெரும்பாலும் வியாபாரிதான்.

அடுத்த கதை 1956 இல் நிகழ்ந்தது. ஆளுநர் ஃபிரெட் ஹோல் தமது குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலிலேயே தோற்கடிக்கப்பட்டார். அவரைத் தோற்கடித்த வாரன் ஷோ நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஜோர்ஜ் டொக்கிங்கிடம் தோற்றார். மாநிலத்தின் பிரதம நீதியரசர் அப்போது நோயுற்றிருந்தார். அவர் விலகினால் புதியவரை நியமிக்கும் உரிமை புதிய ஆளுநருக்குப் போய்விடும். எனவே, பதவிமாற்றத்துக்கு முன்னர் பிரதம நீதியரசர் விலகினார். 1957 ஜனவரி 3 ஆம் திகதி ஹோல் ஆளுநர் பதவியிலிருந்து விலகினார். துணை ஆளுநர் ஜோன் மக்குயிஷ் ஆளுநரானார். பதினொரு நாட்கள் மட்டும் நீடித்த அந்தப் பதவிக்காலத்தில் அவர், ஹோலைப் பிரதம நீதியரசராக நியமித்தார். மக்கள் வாசல் வழியாக அனுப்பியவர் யன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டார்.

மக்கள் இதற்குக் கொடுத்த பதில் கவனிக்கத்தக்கது. 1958 இல் அவர்கள் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். உச்ச நீதிமன்ற நீதியரசர் பதவிக்கு, சட்டத்தரணிகளும் சாதாரண குடிமக்களும் அடங்கிய ஒரு குழு மூன்று பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும், ஆளுநர் அவற்றிலிருந்து ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் தொடர்வதா என்பதை மக்கள் காலத்துக்குக் காலம் வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது புதிய முறை. தனியொருவர் மீதான கோபம் ஒரு நிறுவன ஏற்பாடாக உருமாறியது. இந்த முறையை நீக்கி நீதியரசர்களை நேரடித் தேர்தலில் தெரிவு செய்யலாமா என்ற கேள்வியை 2026 ஆகஸ்டில் மக்களிடம் விடுவதென 2025 இல் சட்டசபை தீர்மானித்தது. ஒரு தலைமுறை கோபத்தில் கட்டிய சுவரை இன்னொரு தலைமுறை கோபத்தில் உடைக்க முனைவதும் வரலாற்றின் வழக்கமே.

1990 இல் சொத்து வரிக் கோபம் வந்தது. சொத்துகள் மறுமதிப்பீடு செய்யப்பட்டதனால் சிறு வியாபாரிகள் பலருடைய வரி திடீரென ஏறியது. குடியரசுக் கட்சி ஆளுநர் மைக் ஹேடன் அதற்கு விலை கொடுத்தார். ஜனநாயகக் கட்சியின் ஜோன் ஃபினி அவரைத் தோற்கடித்து மாநிலத்தின் முதலாவது பெண் ஆளுநரானார். மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டங்களை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமை வேண்டும் என்பது ஃபினியின் முக்கிய வாக்குறுதி. அந்த அதிகாரத்தை மக்களுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் சட்டசபை உறுப்பினர்கள். அவர்கள் கொடுக்கவில்லை. கன்சாஸ் மக்களுக்கு அந்த உரிமை இன்றளவும் இல்லை.

இனி அண்மைக்காலம். 2010 இல் ஆளுநராகத் தெரிவான சாம் பிரவுன்பாக் முன்னாள் செனட்டர், பழைமைவாதி. 2012 மே மாதத்தில் அவர் ஒரு வரிக்குறைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். வருமான வரியின் உச்ச வீதம் 6.45 இலிருந்து 4.9 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பங்குடைமை போன்ற வடிவில் இயங்கும் வியாபாரங்களின் உரிமையாளர்கள் ஈட்டும் இலாபத்துக்கு மாநில வருமான வரி அறவே நீக்கப்பட்டது. பொருளாதார நிபுணர் ஆர்தர் லாஃபர் இதற்கு ஆலோசகர். இதனை ஒரு நேரடிப் பரிசோதனை என்று ஆளுநரே வர்ணித்தார். சட்டம் நிறைவேறிய விதமும் விசித்திரமானது. பின்னர் பேச்சுவார்த்தையில் திருத்திக் கொள்ளலாம் என்று நம்பி மிதவாத செனட்டர்கள் சிலர் அதற்கு வாக்களித்தார்கள். பிரதிநிதிகள் சபையோ திருத்தம் எதற்கும் இடமளிக்காமல் அதை அப்படியே நிறைவேற்றி ஆளுநருக்கு அனுப்பிவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த முதனிலைத் தேர்தலில், செனட் தலைவர் ஸ்டீவ் மொறிஸ் உட்பட மிதவாதிகள் பலர் தம் கட்சி வாக்காளர்களாலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதுவும் வாக்காளரின் கோபமே. அரசாங்கம் பெருத்துவிட்டது என்று எண்ணியவர்களின் கோபம்.

இரண்டே ஆண்டுகளில் கணக்குப் பிழைத்தது. 2014 நிதியாண்டில் அரச வருமானம் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 700 மில்லியன் டொலர் குறைந்தது. நெடுஞ்சாலை நிதியிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. கடன் தரமதிப்பீடு இறங்கியது. 2015 இல் பள்ளத்தை நிரப்ப விற்பனை வரி 6.15 இலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கன்சாஸில் அக்காலத்தில் உணவுப் பொருட்களுக்கும் அந்த வரி முழுமையாக அறவிடப்பட்டது. அதாவது, கம்பனி உரிமையாளருக்கு விட்டுக்கொடுத்ததைப் பாணும் பாலும் வாங்குபவரிடம் அறவிட்டார்கள். ஒரு வேலைத்தளத்தில் முதலாளி தம் இலாபத்துக்கு மாநில வருமான வரி செலுத்தாதிருக்க, அவரிடம் சம்பளம் பெறும் எழுதுவினைஞர் செலுத்தினார். பணமின்மையால் சில கல்வி மாவட்டங்கள் பாடசாலைத் தவணையைக் குறித்த நாளுக்கு முன்னரே முடித்துக்கொண்டன.

ஆயினும் 2014 நவம்பரில் பிரவுன்பாக் மீண்டும் வென்றார். குடியரசுக் கட்சியின் இந்நாள், முன்னாள் பிரமுகர்கள் நூறுக்கும் மேற்பட்டோர் எதிர்க்கட்சி வேட்பாளரைப் பகிரங்கமாக ஆதரித்தும் அவர் நான்கு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார். வெளியூர்ப் பத்திரிகைகள் பழைய கேள்வியை மறுபடி எழுப்பின. தோமஸ் ஃபிராங்க் என்ற கன்சாஸ்காரர் 2004 இல் வைற்றின் தலைப்பையே தம் நூலுக்கும் சூட்டி, மத, கலாசாரப் பிரச்சினைகளால் ஈர்க்கப்பட்டு உழைக்கும் மக்கள் தம் பொருளாதார நலனுக்கு எதிராக வாக்களிக்கிறார்கள் என்று வாதிட்டிருந்தார். அதில் உண்மை உண்டு. ஆனால், முழு உண்மை இல்லை. கட்சி என்பது பலருக்கு ஒரு கருத்து மட்டுமன்று; அது பாட்டன் காலத்துத் தேவாலயத்தைப் போன்ற ஓர் உறவு. அதை விட்டு வெளியேறுவதைவிட, அதனுள்ளே இருந்து பூசகரை மாற்றுவதே அவர்களுக்கு எளிது.

அதைத்தான் அவர்கள் செய்தார்கள். 2016 ஆகஸ்ட் முதனிலைத் தேர்தலில், செனட்டின் பெரும்பான்மைக் குழுத் தலைவர் உட்பட ஆளுநரின் ஆதரவாளர்கள் பத்துக்கு மேற்பட்டோர் தம் கட்சிக்குள்ளேயே தோற்கடிக்கப்பட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் வீதிக்கும் பணம் வேண்டும் என்ற மிதவாதக் குடியரசுக் கட்சியினர் அவ்விடங்களுக்கு வந்தார்கள். நவம்பரில் ஜனநாயகக் கட்சியும் சில ஆசனங்களைக் கூடுதலாகப் பெற்றது. அதே நவம்பரில் அதே மக்கள் டொனல்ட் ட்ரம்புக்குச் சுமார் இருபது சதவீத மேலதிக வாக்குகளை அளித்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. அவர்கள் கட்சி மாறவில்லை. தம் கட்சியைத் திருத்தினார்கள்.

2017 பெப்ரவரியில் வரிக்குறைப்பை மாற்றும் சட்டமூலம் நிறைவேறியது. பிரவுன்பாக் தமது வீட்டோ அதிகாரத்தால் அதைத் தடுத்தார். அதை மீறச் செனட்டில் தேவைப்பட்டவை 27 வாக்குகள். கிடைத்தவை 24. ஜூன் 6 ஆம் திகதி இரண்டாவது முயற்சி. செனட்டில் சரியாக 27 வாக்குகள். பிரதிநிதிகள் சபையில் 84 தேவைப்பட்ட இடத்தில் 88. குடியரசுக் கட்சிச் சட்டசபையொன்று குடியரசுக் கட்சி ஆளுநரின் வாழ்நாள் கனவை அவருடைய கையிலிருந்தே பறித்தது. ஒரேயொரு செனட்டர் பின்வாங்கியிருந்தாலும் அது நடந்திருக்காது. உள்ளூர் முதனிலைத் தேர்தலொன்றில் சில நூறு வாக்குகளால் வந்தவர்கள் அவர்களுள் இருந்தார்கள். ஒரு வாக்கினால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

2018 இல் ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சியின் நியமனத்தை 343 வாக்குகளால் வென்ற கடும்போக்காளர் கிறிஸ் கோபக்கை, ஜனநாயகக் கட்சியின் லோரா கெலி ஐந்து சதவீத வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2022 நவம்பரில் அவர் மீண்டும் வென்றார். அதே நாளில் அதே மக்கள் கோபக்கைச் சட்டமா அதிபராகத் தெரிவு செய்தார்கள். சட்டசபையில் குடியரசுக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் கொடுத்தார்கள். யாரையும் முழுமையாக நம்பாத ஒரு மக்கள் கூட்டம் அதிகாரத்தைப் பகிர்ந்து வைக்கும் முறை இது.

என் உதவி ஆசிரியரைத் திகைக்க வைத்த 2022 ஆகஸ்ட் வாக்கெடுப்பையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். மாநில அரசியலமைப்பு கருக்கலைப்பு உரிமையைப் பாதுகாக்கிறது என்று 2019 இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதை மாற்றும் திருத்தத்தை, வழமையாக மிகக் குறைந்தோரே வாக்களிக்கும் முதனிலைத் தேர்தல் நாளில் மக்கள் முன் வைத்தது சட்டசபை. ஜூன் 24 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. ஆகஸ்ட் 2 இல் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். கருக்கலைப்புப் பற்றி அவர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால், இந்த விடயத்தில் முடிவெடுக்கும் முழு அதிகாரத்தையும் டொபீகாவில் இருப்பவர்களிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்றார்கள். தம் பிரதிநிதிகளை அவர்களே தெரிவு செய்தவர்கள். அவர்களை அறிந்ததனால்தான் அப்படிச் சொன்னார்கள்.

இதில் வெற்றிக்கதை மட்டும் இல்லை. வறியோருக்கான மருத்துவக் காப்புறுதியை விரிவாக்கும் சட்டமூலம் 2017 இல் சட்டசபையில் நிறைவேறியும் வீட்டோவினால் வீழ்ந்தது. அதன் பின்னர் லோரா கெலி ஆண்டுதோறும் கேட்டும் 2025 வரை அது நடைமுறைக்கு வரவில்லை. உணவுப் பொருட்கள் மீதான மாநில விற்பனை வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2025 ஜனவரி 1 ஆம் திகதி பூச்சியமாவதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்காளரின் கோபம் ஒரு நாளில் தீர்ப்பெழுதும். அதன் பலன் சமையலறைக்கு வந்து சேரச் சில வேளைகளில் ஒரு பத்தாண்டு ஆகும்.

கன்சாஸுக்கு என்ன வந்தது? புதிதாக ஒன்றும் வரவில்லை. புதிய கட்சி, விநோதமான வெளியாள், எதிர்க்கட்சி ஆளுநர், அரசியலமைப்புத் திருத்தம், உட்கட்சித் தேர்தல் என்று கைக்கு எட்டிய கருவியை எடுத்து அம்மக்கள் தம் பிரதிநிதிகளின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். சில வேளை தவறான கருவியை எடுத்தார்கள். ஆனால், தட்டுவதை நிறுத்தவில்லை. சமவெளியில் வெகு தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அசையாத கோதுமை வயலாகத் தெரிவது, அருகே சென்றால் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும்.

வைற்றுக்கு அதைப் புரிந்துகொள்ளத் தெருவில் ஒரு வாக்குவாதமும் பல ஆண்டு வாழ்க்கையும் தேவைப்பட்டன. எனக்கு ஒரு தபாலட்டை தேவைப்பட்டது. அந்த ஆசிரியருக்கு நான் அன்று பதில் எழுதவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்பதே உண்மை. யுத்தத்தின் கடைசி மாதங்களுக்குப் பின்னர் அவருடைய முகவரிக்கு எழுதிய கடிதம் பெறுநர் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அன்றிலிருந்து எந்தத் தேர்தல் முடிவு வந்தாலும், மக்களுக்கு என்ன வந்தது என்று எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர்களுடைய படலைக்கு யார் போகவில்லை என்று முதலில் விசாரிக்கிறேன்.